செஞ்சியில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்

நெரிஸ், வெல் இரண்டு பேருக்குமே ஆங்கிலம் நன்றாகத் தெரியும். எனக்கு அவர்கள் அளவுக்கு வராது. இருந்தும் செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கிய நிமிடத்திலிருந்து, அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

"பார்வதி, அவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேள்" என்பார் நெரிஸ்.

அந்த 'அவள்' ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். "வேண்டாம் என்று சொல்லிவிடு பார்வதி" என்பார் வெல், எதிரே நிற்கும் பேருந்தின் டயரைப் பார்த்தபடி.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது வேல்ஸின் வடமேற்கு மூலையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வேல்ஸ் இங்கிலாந்தை ஒட்டி இருந்தாலும் அதற்கென்று தனி மொழி உண்டு. எங்கள் ஊரில் வீட்டிலும் கடையிலும் ஆட்டுச் சந்தையிலும் வெல்ஷ் மொழிதான். நெரிஸ் அந்த ஊர்க்காரர். ஆடு வளர்க்கும் குடும்பம், முப்பது வருடம் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வெல் தெற்கு இங்கிலாந்துக்காரர். கணவர் இறந்த பிறகு, விடுமுறைக்கு வந்து பிடித்துப்போன அதே ஊரில், நெரிஸ் வீட்டை ஒட்டிய வீட்டை ஆறு வருடம் முன்பு வாங்கிக் குடிவந்தார். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். சேர்ந்து நடக்கப் போவார்கள், சேர்ந்து கேக் சுடுவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் ஊர்ச் சமூகக்கூடத்தின் கமிட்டிக் கூட்டம். வெல்லும் ஓர் உறுப்பினர். அன்று தாமதமாகப் போனார். உள்ளே வெல்ஷில் பேச்சு. இவர் கதவைத் திறக்கவும் எல்லோரும் வெடித்துச் சிரிக்கவும் சரியாக இருந்தது. பார்த்ததும் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறினார்கள். "என்னைப் பற்றித்தானே பேசினீர்கள்? என் பெயர் என் காதில் விழுந்தது" என்றார் வெல். "யாரும் உன் பெயரைச் சொல்லவில்லை" என்றார் நெரிஸ். "அப்படியானால் எதற்குச் சிரித்தீர்கள்?" "என் ஊரில் என் பாஷையில் சிரித்ததற்கு நான் கணக்குச் சொல்ல வேண்டுமா?" அவ்வளவுதான். மறுநாள் வெல் கமிட்டியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்.

என் கணவர் சேகருக்குச் சொந்த ஊர் செஞ்சி. அவர் தங்கை கஸ்தூரி புது வீடு கட்டியிருந்தாள். சித்திரையில் கிரகப்பிரவேசம். சேகருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் வருவதாக ஏற்பாடு. கூடவே இந்தியா பார்க்க வருகிறோம் என்று இவர்கள் இருவரும் சண்டைக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டிருந்தார்கள். காசைத் தொலைக்க இருவருக்கும் மனமில்லை. விமானத்தில் நெரிஸ் தூங்கியதும் வெல் என் பக்கம் சாய்ந்து, "திரும்பிப் போனதும் வீட்டை விற்கப் போகிறேன். இங்கிலாந்தில் என் தங்கச்சி வீட்டுப் பக்கம் போய்விடுகிறேன். நெரிஸிடம் சொல்லாதே" என்றார். அந்தக் கனத்தோடுதான் நான் செஞ்சியில் இறங்கினேன்.

*

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. நாங்கள் நுழைந்ததும் கடை அமைதியானது. பெஞ்சில் இருந்த ஆறேழு பேரும் கிளாஸைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்கள். அரை நிமிடம் போயிருக்கும். பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் பேச்சு கிளம்பியது.

"இந்த ரெண்டு அம்மாவும் ராஜகிரிக் கோட்ட ஏறுமான்ற?"

"நெட்டையா இருக்குதே அது ஏறிடும். குட்டையம்மாவுக்கு முட்டி போயிட்ச்சி. நடயப் பாரு."

"வெயிலு வேற மண்டயப் பொளக்குது. ஏளு மணிக்கே ஏறிடணும். வெயிலு வந்துட்ச்சின்னா அவ்ளோதான்."

வெல் என் கையைக் கிள்ளினார். "நம்மைப் பற்றித்தானே பேசுகிறார்கள்? என் பெயர்கூட வந்ததே."

உங்கள் பெயர் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் காதில் எங்கே போனாலும் தன் பெயர் கேட்கிறது போலிருக்கிறது என்று எனக்குச் சற்றுப் பரிதாபமாகக்கூட இருந்தது. "ஆனால் பேசுவது உங்களைப் பற்றித்தான்" என்று மறைக்காமல் மொழிபெயர்த்தேன். முட்டி, நடை எல்லாவற்றையும்.

அவருக்கு முகம் சுண்டும் என்று நினைத்தேன். வெல் சிரித்த சிரிப்பில் டீ தளும்பியது. பேன்ட்டைத் தூக்கி இடது முழங்காலைத் தட்டி, "இது பழசு" என்றார். வலதைத் தட்டி, "இது ஆபரேஷன் பண்ணி வைத்த புதுசு, ஸ்டீல்!" நான் தமிழில் சொன்னதும் டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஸ்டீலா? துரு புடிக்காதா?"

"அவுங்க ஊரு மழைக்கே துரு புடிக்கலியாம்" என்றேன். கடையே சிரித்தது. இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்தது முட்டியைப் பற்றிச் சொன்ன அந்த மனிதர்தான்.

நெரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அவளிடம் சொல்" என்றார் என் காதில். "எங்கள் ஊரில் ஒருவர்கூட அவள் முட்டியைப் பற்றிப் பேசவில்லை. அங்கே கடிதம் எழுதினாள். இங்கே நிஜமாகவே பேசுகிறார்கள், கூடச் சேர்ந்து சிரிக்கிறாள்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கஸ்தூரி இப்போது இருக்கும் வாடகை வீடு பெரிய மசூதிக்குப் பின் தெருவில். வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா அண்ணி, இப்டி எளச்சிட்டீங்க! அண்ணன் சோறு போடறாரா இல்லியா?" கறிக்குழம்பும் இட்லியும் போட்டாள். நண்பகலில் இட்லியா என்று இவர்களுக்கு வியப்பு. ஆளுக்கு ஆறு உள்ளே போனபின் அந்தக் கேள்வியும் போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறம் நிறைய வேகவைத்த மல்லாட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

மல்லாட்டை என்றால் நிலக்கடலை. நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமான புதிதில் கஸ்தூரி, "அண்ணி, மல்லாட்ட அவிச்சி வெச்சிருக்கன், வந்து துன்னுங்க" என்றபோது, ஏதோ ஆட்டை முழுசாக அவித்துவிட்டாள் என்று நினைத்துப் பயந்துபோனேன். இங்கே அப்பாவை நைனா என்பார்கள். வீடு முழுக்க "நைனா, நைனா" என்று கேட்டதும், மாமனாரின் பெயர் நயினார் என்று முடிவு கட்டி, எங்கள் ஊரில் அந்தப் பெயர் ஏராளம், அவருக்கு எடுத்த வேட்டிப் பெட்டியின் மேல் 'திரு. நயினார் அவர்களுக்கு' என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

இதை ஆங்கிலத்தில் சொன்னபோது வெல் கடலையை உரிப்பதை நிறுத்தினார். "நீயும் தமிழ், அவர்களும் தமிழ். உனக்கே புரியவில்லையா?"

"பாதி புரியவில்லை."

"சிரித்தார்களா?"

"தெருவே சிரித்தது. முதல் மாதம் நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டாவது மாதம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்."

வெல் உரித்த கடலையை என் முன்னால் தள்ளிவைத்தார். நெரிஸும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

*

மறுநாள் பனமலைக்குக் கிளம்பினோம். ஏரிக்கரையில் பல்லவர் காலத்துக் கோயில் இருக்கிறது. கஸ்தூரிக்குத் தெரிந்த ஜாபர் என்பவரின் ஆட்டோ. "வாங்கக்கா, ஏறுங்க" என்று என்னை அழைத்தவர் நான் இரண்டு வாக்கியம் பேசியதும், "நீங்க இன்னா ஊருக்கா? சிலோனா?" என்று கேட்டார். இருபது வருடமாகக் கேட்கும் கேள்வி.

தெரு திரும்புவதற்குள் நெரிஸின் போன் அடித்தது. அக்கா. ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் பருவம் அங்கே. நெரிஸ் வெல்ஷில் கத்திப் பேசிக்கொண்டு வந்தார். ஆட்டோ சத்தம், எதிர்க் காற்று, அதற்கு மேல் நெரிஸின் சத்தம். நான் எட்டு வருடம் மாலை வகுப்பில் வெல்ஷ் படித்தவள். அந்தச் சத்தத்தில் ஏதோ ஒரு குட்டி தாய்ப்பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்ற அளவில்தான் எனக்குப் புரிந்தது.

பேருந்து நிலையத்துக்கு அருகே ஜாபர் கேஸ் போட நிறுத்தினார். வெல் இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"எட்டு தடவை, பார்வதி. ஒரே போன் பேச்சில் என் பெயரை எட்டு தடவை சொல்லிவிட்டாள். நான் பேருந்தில் வந்துகொள்கிறேன்."

"அவளிடம் சொல், நான் ஆட்டைப் பற்றிப் பேசினேன் என்று."

"ஆட்டுக்கு என் பெயரா வைத்திருக்கிறாள் என்று கேள்!"

நான் தடுப்பதற்குள் சாலையைக் கடந்துவிட்டார். "போகட்டும்" என்றார் நெரிஸ். "பேருந்து ஏறத் தெரியாதவளா?"

பனமலையில் காற்று நன்றாக இருந்தது. கோயில் சுவரில், கிரீடமும் குடையுமாக, ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் பார்வதியின் ஓவியம். பாதி அழிந்தும் அழகு போகவில்லை. என் பெயர்க்காரி. ஆனால் நெரிஸ் ஓவியத்தைப் பார்க்கவில்லை, சாலையையே பார்த்தார். ஒரு பேருந்து வந்தது. வெல் இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. போன் பண்ணலாம் என்று எடுத்தால், சார்ஜ் ஏற என் பையில் போட்டுவைத்த வெல்லின் போன் உள்ளேயே அடித்தது.

நெரிஸ் தன் கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு மாத்திரைப் பெட்டி. "இது அவளுடைய பிரஷர் மாத்திரை. எப்போதும் மறந்துவிடுவாள். அதனால் நானே வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டும்." மணி அப்போது ஒன்றேகால்.

"டென்ஷன் ஆவாதீங்கக்கா" என்றார் ஜாபர். தனக்குத் தெரிந்த டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் போன் போட்டார். நான்காவது ஆளிடம் விஷயம் கிடைத்தது. "வெள்ளக்கார அம்மாதான? மஞ்சத் துணிக்காரம்மாங்களோட மலையனூர்ல எறங்குச்சாம்!"

மேல்மலையனூர் அம்மன் கோயில். நாங்கள் இருந்த இடத்துக்கு நேர் எதிர்த் திசை. 'பனமலை' என்று வெல் தன் நாக்குக்கு வந்தபடி கேட்டிருக்கிறார். கடைசி 'மலை' மட்டும் கோயிலுக்குப் போகும் பெண்களின் காதில் விழுந்திருக்கிறது. "மலையனூரா? வா, வா, ஏறு" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

செஞ்சிக்குத் திரும்பிப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தோம். நாலு மணிக்கு ஒரு பேருந்திலிருந்து வெல் இறங்கினார். நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம், காதோரம் மல்லிகை, கையில் எலுமிச்சம்பழம். கூடவே மூன்று பெண்கள்.

நெரிஸ் ஓடினார். நடந்து பார்த்திருக்கிறேன், அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வெல்லின் தோளைப் பிடித்துக் குலுக்கி ஒரே மூச்சில் திட்டினார். எல்லாம் வெல்ஷ். தான் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வெல் எதிர்த்துப் பேசவில்லை. எலுமிச்சம்பழத்தை நெரிஸ் கையில் வைத்துவிட்டு, நெரிஸ் நீட்டிய மாத்திரையை வாங்கி விழுங்கினார்.

"இந்தம்மா பேரு வேலாமே!" என்றாள் கூட வந்த பெண்களில் ஒருத்தி என்னிடம். "முருகன் கையில இருக்குற வேலு! அம்மன் கோயிலுக்கு வேலே நடந்து வந்துட்ச்சின்னு நாங்க உடல. கூழு ஊத்துனம், ரெண்டு சொம்பு குடிச்சிட்ச்சி."

"யாருக்கும் ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது" என்றார் வெல், கண் பளபளக்க. "நான்கு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தோம். இவளுக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை."

ஆட்டோவில் நெரிஸ் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கேள் அவளை. அங்கே ஒன்றும் புரியாதபோது அத்தனை சந்தோஷம். எங்கள் ஊரில் புரியாதபோது மட்டும் ஏன் கோபம்?"

இதை நான் சொல்லாமல் சொல்லிக் கேட்டேன். வெல் காதோர மல்லிகையைச் சரிசெய்துகொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "அங்கே நான் ஒரு நாள் விருந்தாளி. உங்கள் ஊரில் ஆறு வருடம் குடியிருக்கிறவள்."

*

மூன்றாம் நாள் கோட்டை. ஆறரைக்கெல்லாம் ராஜகிரி அடிவாரத்தில் இருந்தோம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் பெரிய கோட்டை உண்டு. ஆங்கிலேய ராஜா வெல்ஷ்காரர்களை அடக்கக் கட்டியது. அதனால் நெரிஸ் பிறந்ததிலிருந்து அதற்குள் காலடி வைத்ததில்லை. "இது யாரை அடக்கக் கட்டியது?" என்றார். ராஜாக்கள், நாயக்கர்கள், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறிப் பிடித்த கதையைச் சொன்னேன். "அப்படியானால் பரவாயில்லை, இது எல்லோருக்கும் பொது" என்று படியில் கால் வைத்தார்.

செஞ்சி மலைகளைப் பார்த்தால் யாரோ பாறைகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போலிருக்கும். நடுவே படி. வெல் ஸ்டீல் முட்டியை முன்னால் வைத்து ஒவ்வொன்றாக ஏறினார். நெரிஸ் இரண்டு படி பின்னால். விழுந்தால் பிடிக்க அந்த இடம்தான் வசதி என்பது எனக்குப் புரிந்தது. வழியில் ஒரு குரங்கு நெரிஸின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய், போட்டுப் பார்த்து, பிடிக்காமல் எறிந்தது.

பாதிக்கு மேல் ஒரு பாறை நிழலில் ஒதுங்கினோம். முன்பே ஏறி முடித்த ஒரு குடும்பம் இறங்கி வந்தது. "சீக்கிரம் ஏறுங்க, வெயிலு வந்துட்ச்சி" என்றார் ஒருவர். பின்னால் வந்த பெண், "பாவம், இந்த வெயில்ல இன்னா வேல இவுங்களுக்கு" என்றாள்.

வெல் அவர்களுக்குக் கையசைத்தார். "பார்த்தாயா? இந்த ஊரில் எல்லோருக்கும் என் பெயர் தெரிந்துவிட்டது. டீக்கடையில் தெரிந்தது, பேருந்தில் தெரிந்தது, மலை மேலும் தெரிகிறது."

"எது உங்கள் பெயர்?"

"இப்போது சொன்னார்களே, வெல் என்று. மூன்று தடவை."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "அது வெயில். சூரியனின் சூடு. இன்னொன்று வேலை. இந்த ஊரில் சித்திரை மாதம் இந்த இரண்டையும் விட்டால் வேறு பேச்சே கிடையாது."

வெல்லும் சிரித்தார். நெரிஸ் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு இரண்டு மாதத்தில் முதன்முறையாக வெல்லின் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"அன்றைக்குக் கூடத்தில் உன் காதில் என்ன விழுந்தது? அப்படியே சொல்."

"உனக்குத் தெரியாதா? நீதான் சொன்னாய். வெல் நா மாய் ஹி. எல்லோரும் சிரித்தார்கள்."

நெரிஸ் பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எட்டு வருட மாலை வகுப்பு! வெல்ஷ் மொழியில் 'வெல்' என்றால் 'போல', 'மாதிரி'. பத்து வார்த்தைக்கு ஒரு தடவை அது வராமல் யாரும் பேச முடியாது. வெல் நா மாய் ஹி என்றால், 'நிலைமை அந்த மாதிரி, என்ன செய்ய' என்று அர்த்தம்.

"கூரை ரிப்பேர்க்காரன் நான்காவது தடவையாக ஏமாற்றிவிட்டான்" என்றார் நெரிஸ். "தலைக்கு மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. என்ன சொல்வது? நிலைமை அந்த மாதிரி என்றேன். சரியாக அப்போது ஒரு சொட்டு செயலாளர் மூக்கில் விழுந்தது. சிரித்தோம். நீ கதவைத் திறந்தாய்."

"நேற்று ஆட்டோவில்?"

"இந்தக் குட்டி அந்த மாதிரி, அந்தக் குட்டி இந்த மாதிரி. எட்டு தடவை இருந்திருக்கும்."

"ஆறு வருடமாக" என்றார் வெல். "ஆறு வருடமாக, நான் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நெரிஸ்."

நெரிஸ்தான் முதலில் வெடித்தார். பிறகு வெல். கண்ணில் தண்ணீர் வழிய, ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். கீழே இருந்து ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அடி வாங்கிய குரங்கு மாதிரி நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் வெல் சொன்னார்: "என்னைப் பற்றிப் பேசவில்லை. சரி. ஆனால் அந்தப் பேச்சில் நான் இல்லவும் இல்லையே."

நெரிஸ் கீழே தெரிந்த வயல்களைப் பார்த்தார். "இல்லை" என்றார் கடைசியில். "அது உண்மை. நீ கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டும். சொட்டு விழுந்த கதைதானே, ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக மொழியை மாற்றி மாற்றி எனக்கு அலுத்துவிட்டது. அந்த அலுப்பை உன் தலையில் போட்டேன்."

"நான் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தால் போதும்" என்றார் வெல். "அந்த ஒரு வார்த்தை."

உச்சியில் பெரிய பிளவு ஒன்று இருக்கிறது. அதன் மேல் பாலம். அதில் மூவரும் காற்று வாங்கி நின்றோம். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எந்த மொழியில் என்று நான் கவனிக்கவில்லை. வீட்டை விற்பது பற்றி வெல் வாயைத் திறக்கவில்லை. கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

*

கிரகப்பிரவேசம் விடியற்காலையில். திருவண்ணாமலை ரோட்டில் கஸ்தூரியின் புது வீடு. சுண்ணாம்பு வாசனை, வாழை மரம், மைக் செட். முதலில் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டும். கன்று துள்ளி உள்ளே போய்விட்டது. பசு வாசற்படியில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. வழவழவென்ற டைல்ஸ் அதற்குப் பயம். மாட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். கஸ்தூரியின் கணவர் பின்னாலிருந்து தள்ளினார். கன்று உள்ளேயிருந்து கத்தியது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா அண்ணி இது, நேரம் போவுது" என்று கஸ்தூரி அழுதுவிடுவாள் போலிருந்தது.

நெரிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கஸ்தூரி எடுத்துக் கொடுத்திருந்த வாடாமல்லி நிறப் புடவையைச் செருகிக்கொண்டு, கயிற்றை விடச் சொல்லிக் கையைக் காட்டினார். கீழே கிடந்த வைக்கோலை அள்ளி டைல்ஸில் பரப்பினார். பசுவின் தாடையைச் சொறிந்தபடி அதன் காதில், "தட், தட், தட்" என்றார். வா வா என்று ஆட்டை அழைக்கும் வெல்ஷ். பசு ஒரு பெருமூச்சு விட்டது. முன்னங்காலை எடுத்து வைத்தது. பிறகு தன் சொந்த வீடு மாதிரி நடந்து கூடத்தின் நடுவே போய்ச் சாணமும் போட்டது. கூட்டம் கை தட்டியது.

"எங்க மாட்டுக்கு அவுங்க பாச தெரியுது பாரேன்!" என்றார் மாட்டுக்காரர்.

பந்தியில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். கேசரி, வடை, பொங்கல், சாம்பார், கத்தரிக்காய் கொத்சு. நெரிஸும் வெல்லும் கையாலேயே சாப்பிட்டார்கள். வெல்லுக்குப் பாதி வாய்க்கும் பாதி மடிக்குமாகப் போனது. எதிர் வரிசையில் கஸ்தூரியின் புதுத் தெருப் பெண்கள். அதில் ஒருத்தி வெல்லையும் நெரிஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ரெண்டு பேரும் இன்னா சொந்தம்? அக்கா தங்கச்சியா?"

நான் வாயைத் திறந்தேன். வெல் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கேள்வியை மட்டும் சொல்லச் சொன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டார். காதில் சொன்னேன். மூன்று நாள் செஞ்சிப் பேச்சு அதற்குள் அவர் நாக்கில் ஏறியிருந்தது.

"பக்கத்து வூடு" என்றார், தன்னையும் நெரிஸையும் காட்டி.

"அப்டியா! எவ்ளோ வருசமா?"

வெல் வலது கை பொங்கலாக இருந்ததால் இடது கையில் ஐந்து விரல் காட்டினார். போதவில்லை. என் கையிலிருந்து ஒரு விரலை இரவல் வாங்கிச் சேர்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டால், தெரியாது, நிறைய என்று சொல்லிவிடு" என்றார்.

"என்ன சொன்னாள்? தமிழில் என்ன சொன்னாள்?" என்று நெரிஸ் என் முழங்கையை இடித்தார்.

நான் பதில் சொல்வதற்குள் வெல்லே அவர் பக்கம் திரும்பினார். எப்போது கற்று வைத்திருந்தாரோ தெரியாது. பக்கத்து வீடு என்பதை வெல்ஷில், ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிச் சொன்னார்.

"துரூஸ் நெசா."

நெரிஸ் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நிமிர்ந்தபோது பழைய ஆசிரியை ஆகியிருந்தார்.

"தப்பு. ர உருள வேண்டும். த்ர்ர்ரூஸ்."

"த்ர்ரூஸ்."

"இன்னும்."

எதிர் வரிசைப் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் பாடம் நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அவர்களும் இலையில் கையை வைத்தபடியே, ரகரத்தை எங்கள் எல்லோரையும்விட நன்றாக உருட்டி, ஒரே குரலில் கூடச் சொன்னார்கள்.